கலாமாத்தியை மாத்திய வருடம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போன அதே வருடம்தான் எங்கள் பந்துப் போட்டியின் விதியையும் மாற்றினார்கள். இரண்டில் எது எங்களை அதிகம் படுத்தியது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. பக்கவாதத்துக்காவது மாத்திரை கொடுத்தார்கள்.

எங்கள் போட்டி டிவியில் வருகிற போட்டி இல்லை. பினாங் தீவிலும் கடலுக்கு அக்கரையிலும் இருக்கிற தமிழ்க் குழுக்கள், தீபாவளிப் பலகாரம் தீர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடி, ஏழு ஏழு பேராக ஆடுகிற கால்பந்து, எங்கள் வாயில் வெறும் பந்து. சுங்கை பினாங் பிளாட்டுகளுக்கும் ஒரு குழு உண்டு. என் கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டிய காலத்தில் அதில் ஆடினார். முட்டி தேய்ந்த பிறகு கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். ஆடியதில் வாங்காத பேரைக் கத்தியதில் வாங்கினார். எதிரணிக்காரன்கூட, "அண்ணே வந்துட்டாரா, இன்னிக்குக் காது போச்சு லா" என்று சிரித்துக்கொண்டுதான் பாடாங் திடலில் இறங்குவான்.

அந்தப் போட்டி எப்போதுமே கலாமாத்தி. மலாயில் கலா என்றால் தோல்வி, மாத்தி என்றால் சாவு. தோற்றால் செத்தாய், மூட்டையைக் கட்டு, அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கு மாத்தி என்றால் மாற்றி என்றுதானே விழும்? தோற்ற குழுவை மாத்திவிட்டு அடுத்த குழுவை இறக்குகிறார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்று கல்யாணமான புதிதில் நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னபோது அவர் பிளாட் முழுக்கப் போய்ச் சொல்லிச் சிரித்தார். நான் இரண்டு நாள் பேசவில்லை.

கலாமாத்தியோடு சேர்ந்து ஒரு வழக்கமும் இருந்தது. தோற்ற குழுவுக்குத்தான் முதல் சோறு. வென்றவன் இன்னும் ஓட வேண்டும், அவனுக்கு வயிறு லேசாக இருக்க வேண்டும். தோற்றவனுக்கு வேலை முடிந்தது. ஆகவே விசில் ஊதியதும் தோற்றவர்களை உட்காரவைத்து ஆட்டுப் பிரியாணியை அள்ளி வைப்போம். சமையல் பெண்களாகிய எங்களுடையது. யாராவது சீக்கிரம் தோற்றுவிட்டால், "என்னடா, காலையிலேயே பிரியாணியா?" என்றுதான் கேலி செய்வார்கள். பிரியாணி சாப்பிட்டாச்சு என்றால் போய்ச் சேர்ந்தாச்சு என்று அர்த்தம். இது எல்லாருக்கும் தெரியும். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

அந்த வருடம் நடுவில் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மூன்று சொற்கள் மிச்சம் இருந்தன. ஆமா, இல்ல, பந்து. பயிற்சி கொடுக்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். முதல் சில மாதங்களில் கையும் காலும் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பெரும்பாலும் திரும்பும், அந்த மாதங்களை வீணாக்கினால் பிறகு மலையைப் பிடித்து இழுத்தாலும் வராது என்றாள். இன்னொன்றும் சொன்னாள். பழைய விஷயங்கள் அவர் தலைக்குள் அப்படியே இருக்கின்றன, புதிதாக ஒன்றைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

பயிற்சி என்றால் அவருக்கு வேப்பங்காய். ரப்பர் பந்தைக் கையில் வைத்தால் உருட்டிவிடுவார். காலைத் தூக்கச் சொன்னால் சுவரைப் பார்ப்பார். எனக்குப் பொறுமை கம்மி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, பகலெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பிவிட்டு, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, ஒரு மனிதனின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்க வேண்டும், அந்த மனிதன் சுவரைப் பார்ப்பான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒருநாள் வாய்க்கு வந்தபடி, "இப்படியே கெடந்தா பந்துக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன், பாத்துக்குங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "பந்து?" என்றார். ரப்பர் பந்தை இடது கையால் எடுத்து வலது கைக்குள் திணித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பந்துதான் எங்களுக்கு மருந்து. நேராக உட்கார்ந்தால் பந்து. சாதத்தை முழுசாகச் சாப்பிட்டால் பந்து. தீபாவளி வரைக்கும் இதைச் சொல்லியே ஓட்டினேன், அவரும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார்.

தீபாவளிக்குச் சில வாரம் முன்னால் வாட்ஸாப்பில் அறிவிப்பு வந்தது. இந்த வருடம் கலாமாத்தி இல்லை. நான்கு நான்கு குழுக்களாகப் பிரித்து, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். வென்றால் புள்ளி, சமநிலைக்கும் புள்ளி, முதல் இரண்டு குழுக்கள் அரையிறுதிக்குப் போகும். ஒரே நாளில் முடிகிற போட்டி மூன்று ஞாயிறாக நீண்டது. முதல் ஞாயிறு தீவில், இரண்டாவது அக்கரையில் பத்து காவானில், கடைசி கெப்பாலா பத்தாஸில். காரணமும் போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து வேன் பிடித்து வருகிற குழு ஒரே ஆட்டத்தில் தோற்றுத் திரும்புவது பாவமாக இருக்கிறதாம், இனி எல்லாருக்கும் மூன்று ஆட்டம் நிச்சயமாம். நியாயமான காரணம்தான். நியாயமான காரணத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் கூடத்தான் செய்யும்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? குரல்பதிவுகள் வந்து குவிந்தன. "இது பந்தா, பேங்க் கணக்கா?" என்றது ஒன்று. "தோத்தவன் தோத்தான்னு வீட்டுக்குப் போக வேணாமா? மானம் ரோஷம் இல்லையா?" என்றது இன்னொன்று. யாரோ ஒரு புண்ணியவான், "கலாமாத்தியையே மாத்திட்டாங்க லா" என்று போட, அதை ஆளாளுக்கு அனுப்பி எனக்கே பலமுறை வந்தது. நானும் சிரித்தேன். அவருக்கும் போட்டுக் காட்டினேன். அவர் பந்து என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஆமா, ஆமா" என்றார்.

முதல் ஞாயிறு அவரைக் குளிப்பாட்டி, குழுவின் பச்சைச் சட்டையைப் போட்டு, காடியின் பின்சீட்டில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சக்கர நாற்காலியில் கோட்டருகே உட்காரவைத்தேன். கத்த முடியவில்லை. தொடையில் இடது கையால் தட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் ஆள்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். கடைசி நேரத்தில் ஒரு கோலை விட்டுத் தோற்றார்கள்.

விசில் ஊதியதும் நடந்ததுதான் அதிசயம். புது விதி எல்லாருக்கும் தெரியும். ஒரு மாதமாக அதைத் திட்டித்தானே பேசிக்கொண்டிருந்தோம்? ஆனாலும் விசில் ஊதிய உடனே எங்கள் குழு பூட்ஸைக் கழற்றியது. மேளக்காரர்கள் மேளத்தை உறைக்குள் போட்டார்கள். நாங்கள் பெண்கள் சட்டியைத் திறந்தோம். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, இன்னும் ஆட்டம் இருக்கிறதே என்று வாயைத் திறக்கவில்லை. கைகளுக்கு அந்த வேலைதான் தெரியும். நானே கரண்டி கரண்டியாக அள்ளி வைத்தேன். குழுவின் கேப்டன், பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற தம்பி, இரண்டாவது தட்டை நீட்டி, "கறி கொஞ்சம் கூட வைங்கக்கா, மனசு சரியில்ல" என்றான். வைத்தேன்.

தட்டு காலியாகும்போது மைக்கில் கூப்பிட்டார்கள். சுங்கை பினாங் குழு, இரண்டாவது ஆட்டத்துக்குப் பாடாங்குக்கு வரவும்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கேப்டன் கையில் எலும்பு இருந்தது. "அய்யோ, லீக் லா" என்று யாரோ சொன்னார்கள். கழுத்துவரைக்கும் பிரியாணியோடு அவர்கள் ஓடினார்கள். ஓடினார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. கோல்காப்பாளன் குனியவே மறுத்தான். அந்த ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினார்கள், ஒன்றும் அடிக்கவில்லை.

அதை நாங்கள் பார்க்கவில்லை. பிரியாணியைப் பார்த்ததும் என் கணவர் அழத் தொடங்கிவிட்டார். பிரியாணி வைத்தாச்சு என்றால் முடிந்தது. முப்பது வருடமாக அவர் தலையில் இருப்பது அது. "இல்ல, இல்ல" என்று காடியைக் கைகாட்டினார். மைக் கூப்பிடுவது காதில் விழுந்ததும் நான் குனிந்து, "ஏங்க, இன்னும் ஆட்டம் இருக்குங்க, நாம இன்னும் சாகல" என்றேன். கேட்கவில்லை. நாற்காலியின் சக்கரத்தை ஒற்றைக் கையால் தள்ளி வட்டம் அடித்தார். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் எதிரிக்கும் வேண்டாம். வாயைத் திறக்கவில்லை. கஞ்சியை உதட்டில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். ரப்பர் பந்து ஜன்னல் வழியாகக் கீழே போயிற்று. பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு, "இப்ப விட்டா போச்சுக்கா" என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தெரியாதா? ராத்திரி அவர் தூங்கும்போது அந்த வலது கையைப் பிடித்துப் பார்ப்பேன். அது என்னுடைய கை இல்லை, அவருடையதும் இல்லை, யாரோ எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன கை. 

துணி மாட்டுகிற கிளிப்புகளை மேசையில் பரப்பி விளக்கினேன். பச்சை கிளிப் நாம். சிவப்பு, மஞ்சள், நீலம் மற்ற மூன்று பேர். தோற்றாலும் இங்கேயே இருப்போம், பாருங்க, இன்னொரு ஆட்டம் ஆடுவோம். புள்ளிக்கு பிஸ்கட்டை வைத்தேன். அவர் கவனமாகப் பார்த்தார். முடிக்கும்வரை பார்த்தார். பிறகு பச்சைக் கிளிப்பை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

நான் கத்தினேன். "தோத்தா சாவுங்கறது ஒரு காலத்துல லா, இப்ப அப்படி இல்ல, மாத்திட்டாங்க, உங்களுக்கு ஏன் ஏற மாட்டேங்குது?" என்று கத்தினேன். பக்கவாதம் வந்த மனிதரிடம் போட்டி விதிக்காகக் கத்துகிற பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நானே கேப்டன் தம்பிக்குப் போன் போட்டேன். வேலை முடிந்து நேராக வந்தான். வரும்போது பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அண்ணே, ஞாயித்துக்கெழம பந்து இருக்குண்ணே. நீங்க வரணும்" என்றான். புள்ளி, லீக் என்று ஒன்றும் பேசவில்லை. அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "பந்து?" என்றார். அன்று ராத்திரி கஞ்சி குடித்தார்.

பத்து காவானுக்குப் பாலத்தைக் கடந்து போனோம். அங்கே கூட்டம் பந்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆளாளுக்குக் கணக்கு. பிரிவின் மற்ற ஆட்டங்கள் முடிந்திருந்தன, எங்களை முதலில் வென்ற குழு எல்லாரையும் வென்றிருந்தது, இன்று நாங்கள் வென்றால் மிச்ச மூன்று பேருக்கும் ஒரே புள்ளி. நாங்கள் வென்றால் மட்டும் போதாது, நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். அப்போதுதான் எங்களுக்கு எதிராக மூன்று கோல் அடித்த அந்தக் குழுவைத் தள்ளிவிட்டு அரையிறுதிக்குப் போகலாம். "எல்லாம் அந்தப் பிரியாணி" என்று ஒருவர் என்னைப் பார்க்காமல் என் காதில் விழும்படி சொன்னார். பிரியாணியை நீயும்தானே தின்றாய் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

அன்று எங்கள் ஆள்கள் பேய் பிடித்தவர்களைப் போல ஆடினார்கள். முதல் கோல். இரண்டாவது. பாதி நேரம் முடிந்து மூன்றாவதும் விழுந்தது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கும் மூச்சில்லை. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. காப்பாளன் காலில் பட்டுத் திரும்பியது. கேப்டன் தம்பி தனியாகப் போய் மேலே அடித்தான். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை, எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன். விசில் ஊதிவிட்டார்கள்.

மூன்றுக்குப் பூஜ்யம். வென்றோம். வெளியே போனோம்.

எங்கள் ஆள்கள் புல்லில் விழுந்து அழுதார்கள். எதிரணியும் வெளியேதான், ஆனால் அவர்கள் தோற்று வெளியே போனவர்கள், அழவில்லை. கூட்டத்தில் பெரிய பெரிய ஆம்பளைகள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு நடுவில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். விழுந்ததற்குப் பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்று கோல், ஒன்றும் வாங்கவில்லை, யாரும் சட்டியைத் திறக்கவில்லை. மற்றவர்கள் அழுவது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார். கேப்டன் பக்கம் தள்ளச் சொல்லிக் கைகாட்டினார். தள்ளினேன்.

குப்புறக் கிடந்த அவன் தலையைத் தொடுவதற்கு அவர் கையை நீட்டினார். வலது கை. மடியிலிருந்து எழுந்தது. ஒரு சாண் உயரம் இருக்கும், நடுங்கிக்கொண்டு அவன் தலைமயிர்வரை போய்த் தொட்டுவிட்டு விழுந்தது. இத்தனை மாதமாக நானும் பயிற்சிப் பெண்ணும் கெஞ்சியும் திட்டியும் எழாத கை. அவருக்கு அது தெரியவே இல்லை.

கேப்டன் நிமிர்ந்தான். முகமெல்லாம் மண். "அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே, நாம..." என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ தெரியாது, வாயை மூடிக்கொண்டான். பிறகு அவருடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டோம்ணே" என்றான்.

அடுத்த வாரம் முழுக்க அவரே பயிற்சியைக் கேட்டுச் செய்தார். காலையில் நான் எழுவதற்கு முன் வலது கையை இடது கையால் தூக்கிப் பழகிக்கொண்டிருப்பார். வாசல் கிரில்லைப் பிடித்து நிற்கப் பார்த்தார், விழுந்தார், திரும்ப நின்றார். நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். வென்றவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டு. அவர் சொல்வதில் என்ன தப்பு? உலகத்தில் எங்கே கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு காலையில் அவரே பச்சைச் சட்டைக்குள் வலது கையை நுழைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல மழை. நவம்பர் மழை, பிளாட்டுக்குக் கீழே வாய்க்கால் நிரம்பியிருந்தது. "மழைங்க. பாடாங் முழுக்கத் தண்ணி. ஆட்டத்தைத் தள்ளி வச்சிட்டாங்க" என்றேன். ஜன்னலைப் பார்த்தார். தலையாட்டினார். அன்று சாயங்காலம் கெப்பாலா பத்தாஸில் சேற்றிலேயே ஆடி, வேறு ஒரு குழு கோப்பையைத் தூக்கியது. அந்தப் படங்கள் வந்த வாட்ஸாப் குழுவை அவர் போனிலிருந்து அழித்தேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டியிருந்தது. மழை, பாடாங் காயவில்லை, திரும்ப மழை. பிளாட்டில் எல்லாருக்கும் சொல்லிவைத்தேன். "அண்ணே, அரையிறுதிக்கு ரெடியா?" என்று மின்தூக்கியில் கேட்பார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "இன்னும் எத்தன நாளைக்கு லா இப்படி?" என்று கேட்டாள். அவளிடம் சண்டை போட்டேன். 

ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டதில் ஏற்பாட்டாளர்கள் இறங்கிவந்துவிட்டார்களாம். அடுத்த வருடம் திரும்பக் கலாமாத்தியாம். கேப்டன் தம்பி போனில் சந்தோஷமாகச் சொன்னான். அவனுக்குச் சந்தோஷம். அடுத்த தீபாவளி வரைக்கும் எனக்கு மழை வேண்டுமே.

இப்போது சீனப் புத்தாண்டுப் பெருநாளும் போய்விட்டது. இந்த ஊரில் சொட்டு மழை விழுந்து வாரக்கணக்காகிறது. கீழே பாடாங்கில் புல் பழுத்து, நடந்தால் தூசி எழுகிறது. அவர் கிரில்லைப் பிடித்தபடி தானாக நிற்கிறார். வலது கை தோள்வரை வருகிறது. தலைக்கு மேல் போக இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்கிறாள் பயிற்சிப் பெண், அதற்கு அதிக காலம் இல்லை என்றும் சொல்கிறாள். இந்த ஞாயிறு காலையிலும் கிரில்லருகே நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "பந்து?" என்றார்.

வேறு என்ன சொல்ல? "மழைங்க" என்றேன். "இன்னும் தண்ணி வடியல."

அவர் வெளியே பார்த்தார். எதிர் பிளாட்டின் சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. தாடையிலிருந்து வியர்வை சட்டையில் சொட்டியது.  பிறகு என்னைப் பார்த்தார், நான் கீழே குனிந்துகொண்டேன்.

"ஆமா" என்றார். கையைத் தூக்கினார். தூக்கிக்கொண்டே உதட்டைக் கோணி, என்னவோ சொல்லச் சிரமப்பட்டார்.

"மழ" என்றார்.

விழுந்த பிறகு அவர் வாயில் வந்த முதல் புதுச் சொல் அது.